வரிசையில் நிற்காத ஆல்பம்

'யெஸ்' என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆல்பங்களை வரிசைப்படுத்தாமல் எழுந்திருப்பதில்லை. 1969இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து 2023இன் 'மிரர் டு தி ஸ்கை' வரை ஸ்டூடியோ ஆல்பங்கள் 21. மேடைப் பதிவும் புதுப் பாட்டும் கலந்து வந்த 'கீஸ் டு அசென்ஷன்' இரண்டையும் சேர்த்துக்கொண்டால் 23. உச்சியில் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972). அடியில் 'யூனியன்' (1991), 'ஓப்பன் யுவர் ஐஸ்' (1997), 'ஹெவன் அண்ட் எர்த்' (2014) மூன்றும் மாறி மாறி. இதுவரை பெரிய தகராறு வருவதில்லை. தகராறெல்லாம் ஒரே ஒரு ஆல்பத்துக்குத்தான்: 1973 டிசம்பரில் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, மொத்தம் 81 நிமிடம். ஒருவர் பட்டியலில் அது மூன்றாவது, அடுத்தவர் பட்டியலில் கடைசிக்கு முந்தையது. எல்லோர் பட்டியலையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நடுவில் போய் உட்காரும். அந்த நடு இடத்தில் அதை வைத்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

உறுத்துவது அதன் இடமல்ல, பக்கத்து இருக்கை. 'டேல்ஸ்' பிடிக்காதவர்கள் அதைத் தூக்கி 'யூனியன்' பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள், இரண்டும் ஒரே மாதிரிக் கெட்டுப்போனவை போல. ஒன்று அடுப்பில் அதிக நேரம் கிடந்தது. மற்றது அடுப்பையே பார்க்காதது. இரண்டையும் 'சாப்பிட முடியவில்லை' என்ற ஒரே வார்த்தையில் முடித்தால் சமையலைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. எந்த இடத்தில் முறிந்தது என்று கேட்காமல் போடும் வரிசை வெறும் மதிப்பெண் பட்டியல்.

பதினெட்டு நிமிடம் நாற்பத்திரண்டு நொடி

'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஏன் முதலிடம் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "ஐந்து பேரும் உச்சத்தில் இருந்தார்கள்." இருந்தார்கள்தான். குரலுக்கு ஜான் ஆண்டர்சன், பேஸுக்கு கிறிஸ் ஸ்குவைர், கிடாருக்கு ஸ்டீவ் ஹோவ், கீபோர்டுக்கு ரிக் வேக்மன், டிரம்ஸுக்கு பில் புரூஃபோர்ட். ஆனால் தலைப்புப் பாடலை அந்த ஐந்து பேரும் ஒரே மூச்சில் வாசித்ததாக நினைத்துக் கேட்பதுதான் பிசகு. அதை முழுதாக வாசிக்க அப்போது அவர்களாலேயே முடியாது. லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில், ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டின் பொறுப்பில், சில நொடி, ஒரு நிமிடம் என்று துண்டு துண்டாகப் பழகிப் பதிந்தார்கள். ஒரு துண்டு சரியாக வந்ததும் அடுத்ததற்குப் போவது. பிறகு அகலமான பல தட டேப்பை (கருவிக்குக் கருவி தனித் தடம்) பிளேடால் வெட்டி, முனையோடு முனை வைத்து, ஒட்டு நாடாவால் ஒட்டுவது. முழுப் பாட்டும் உருவானது அந்த மேசையில். அதற்குப் பிறகு தங்கள் பாட்டைத் தாங்களே இசைத்தட்டைக் கேட்டுப் படித்துக்கொண்டு மேடைக்குப் போனார்கள். அதற்குள் புரூஃபோர்ட் கிங் கிரிம்சன் இசைக்குழுவுக்குப் போய்விட்டார். சில நாள் அவகாசத்தில் ஆலன் வைட் டிரம்ஸில் உட்கார்ந்தார்.

இப்படி ஒட்டிச் செய்த பாட்டு ஏன் ஒட்டுப்போட்டதாகக் கேட்பதில்லை? நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் தெரியும். முதல் ஒரு நிமிடம் பறவையும் நீரோட்டமும். பிறகு எச்சரிக்கையில்லாமல் முழு இசைக்குழுவும் ஆளுக்கொரு திசையில் பாய்கிறது. குரல் வர நான்கு நிமிடம் ஆகிறது. 8:29இல் எல்லாம் அடங்கி, அந்த மிதக்கும் நடுப்பகுதி தொடங்குகிறது. லண்டன் செயின்ட் கைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்தின் குழாய் ஆர்கன் கேட்பது இங்கேதான். 14:13க்குப் பிறகு முதலில் கேட்ட பல்லவி திரும்பி வருகிறது, இந்தமுறை பன்மடங்கு வலுவோடு. போன இடமும் திரும்பி வந்த இடமும் காதுக்குத் தெளிவாகத் தெரிவதால் ஒட்டு தெரிவதில்லை. நம் பக்கத்துக் காதுக்கு நீளம் ஒரு பிரச்சினையே அல்ல. ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் ஆலாபனை செய்தாலும் பல்லவியின் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே விழுகிறது என்று தெரிந்தால் உட்கார்ந்திருப்போம். எடுப்பு விழவில்லை என்றால் ஐந்து நிமிடமே நீளம்.

இன்னொரு காரணம் முழுக்க இயந்திரம் சார்ந்தது. எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சத்தம் குறையாமல், பேஸ் மெலியாமல் வெட்டக்கூடியது ஏறத்தாழ 18 முதல் 22 நிமிடம். அதற்கு மேல் போனால் வரிப்பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஒலி அளவைத் தணிக்க வேண்டும். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் என்றாலும், வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே நொடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதனால் பக்கத்தின் கடைசி நிமிடங்களில் உச்சஸ்தாயி கரகரக்கும், சிம்பல் மணல் தேய்ப்பது போல ஆகும். 'க்ளோஸ் டு தி எட்ஜ்' அந்த உள் ஓரத்தில் மறுபடி பறவைகளிடம் போய் முடிகிறது. 1974இன் 'ரிலேயர்' ஆல்பத்தில் முதல் பக்கம் முழுக்க ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும் 'தி கேட்ஸ் ஆஃப் டெலிரியம்' இன்னும் நல்ல உதாரணம். போர்க்களச் சத்தம் முழுவதும் உள் ஓரம் வரும் முன்பே முடிந்து, கடைசி ஆறு நிமிடம் மெல்லிய பாட்டாகக் கரைகிறது. திட்டமிட்டார்களோ இல்லையோ, தட்டின் உடம்புக்கு இசைந்த வடிவம் அது.

நான்கு பக்கம் என்று முடிவான ராத்திரி

'டேல்ஸ்' தடம் மாறிய புள்ளியைத் தேடினால் ஸ்டூடியோவில் கிடைக்காது. அதற்கு ஆறேழு மாதம் முன்னால் போக வேண்டும். 1973 மார்ச்சில் புரூஃபோர்டின் திருமண வரவேற்பில், கிங் கிரிம்சனின் தாளக்கலைஞர் ஜேமி மியூர், பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' பற்றி ஆண்டர்சனிடம் சொல்கிறார். சில நாள் கழித்து டோக்கியோ விடுதி அறையில் ஆண்டர்சன் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். 83ஆம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பு: சாஸ்திரங்கள் நால்வகை; சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம். நமக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் காதில் விழுந்த சொற்கள். சுருதி என்றால் நாம் முதலில் தம்புராவைத்தான் நினைப்போம். ஆண்டர்சனுக்கு அது ஒரு கட்டட வரைபடமாகத் தெரிந்தது. நால்வகை சாஸ்திரம், நான்கு பாடல், நான்கு பக்கம். சுற்றுப்பயணத்தின் விடுதி அறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு ஆண்டர்சனும் ஹோவும் துண்டுகளைக் கோத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் ஒரு ராத்திரி தொடங்கி மறுநாள் காலை ஏழு மணி வரை உட்கார்ந்து நான்குக்கும் எலும்புக்கூடு போட்டுவிட்டார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அளவு முதலில் தீர்மானமாகிவிட்டது, சரக்கு பிறகு. 'க்ளோஸ் டு தி எட்ஜ்' எழுதும்போது பாட்டு வளர்ந்து வளர்ந்து ஒரு பக்கத்தை நிறைத்தது. 'டேல்ஸ்' எழுதும்போது பக்கம் காத்துக்கொண்டிருந்தது, பாட்டு போய் நிறைக்க வேண்டியிருந்தது. பதினான்கு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய யோசனைக்கும் இருபது நிமிட வாடகை. வேக்மன் பல பேட்டிகளில் சொன்னதும் இதையேதான்: ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டு தட்டுக்குப் போதாது. அவரைச் சோம்பேறி என்றும் பியர் பிரியர் என்றும் தள்ளிவிடும் ரசிகர்கள் இந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இரண்டாவது மாற்றம், ஆளில். ஐந்து பேர் சண்டை போட்டுக் கட்டிய பாட்டுக்கும், இரண்டு பேர் வரைந்து மூன்று பேர் நிரப்பும் பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. புரூஃபோர்ட் இருந்தவரை ஒரு துண்டு அளவுக்கு மேல் நீண்டால் அதன் தாளத்தைத் திருகி, அசையும் இடத்தையாவது மாற்றிவிடுவார். வைட் நல்ல டிரம்மர். ஆனால் அவர் தாளம் பாட்டைத் தாங்கும், அதட்டாது. மூன்றாவது, இடம். லண்டன் வில்ஸ்டனில் இருந்த மார்கன் ஸ்டூடியோவுக்குப் போனதற்கு முக்கியமான காரணம் அங்கே 24 டிராக் இயந்திரம் இருந்தது. அதற்கு முன்பு வேலை செய்தது 16இல். எட்டுத் தடம் கூடியதும் என்ன நடக்கும் என்று பதிவறைக்காரர்களுக்குத் தெரியும்: எதை வைப்பது, எதை எடுப்பது என்ற முடிவை, தடங்களைக் கலக்கும் மிக்ஸிங் நாளுக்குத் தள்ளிப்போடலாம். அந்த நாள் வரும்போது எதையும் எடுக்க மனசு வராது. காட்டில் போய்ப் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆண்டர்சன் ஆசைப்பட்டதால் ஸ்டூடியோவுக்குள் வைக்கோல் கட்டும் அட்டை மாடும் வந்தன. பாடுவதற்குக் குளியலறை எதிரொலி வேண்டும் என்று ஓடு பதித்த தட்டியும் வந்தது. பக்கத்து அறையில் பிளாக் சபாத் இசைக்குழு பதிவு செய்துகொண்டிருந்தது. வேக்மன் அங்கே போய் அவர்களுக்கு ஒரு பாட்டுக்கு வாசித்துக் கொடுத்துவிட்டு வந்தார். தன் ஆல்பத்தில் செய்ய வேலை இல்லாதவர் பக்கத்து வீட்டு வேலையைச் செய்வார்.

பக்கம் பக்கமாகப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரியும். முதல் பக்கம் 'தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்', 20:27. மந்திரம் போல ஒரே ஸ்வரத்தைச் சுற்றிச் சொற்கள் அடுக்கடுக்காக ஏறித் தொடங்குவது. யெஸ் செய்ததிலேயே சிறந்த தொடக்கங்களில் ஒன்று. கருத்துகள் திரும்பி வருகின்றன, முடிவுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டாம் பக்கம் 'தி ரிமெம்பரிங்', 20:38. மெலோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) சின்தசைசரும் அலை அலையாக வரும், போகும். சில இடம் அழகு. ஆனால் ஐந்து நிமிடத்தை வெட்டி எடுத்தாலும் வெட்டிய இடம் தெரியாது. அதைவிடக் கெட்ட சான்றிதழ் வேறில்லை. மூன்றாம் பக்கம் 'தி ஏன்ஷியன்ட்', 18:34. முதல் பன்னிரண்டு நிமிடம் ஹோவின் ஸ்டீல் கிடார் தாளத்தின் மேல் கீறிக்கொண்டே போகும். பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. கடைசி ஆறு நிமிடம் நைலான் கம்பி கிடாரும் ஆண்டர்சன் குரலும். ஆல்பம் பிடிக்காதவர்களும் இந்த ஆறு நிமிடத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான்காம் பக்கம் 'ரிச்சுவல்', 21 நிமிடத்துக்கு மேல். ஸ்குவைரின் பேஸ், பிறகு எல்லோரும் கிடைத்ததைத் தட்டும் தாளக் கலவரம், அதிலிருந்து இறங்கி வரும் பாட்டு. இதன் உருவம் பக்கத்துக்கென்றே அளந்து தைத்தது.

ஆக இரண்டு பக்கம் நன்று, ஒரு பக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு நன்று, மிச்சம் திணிப்பு. மூன்றாம் இடம் தருபவர் முதலாவதையும் நான்காவதையும் கேட்கிறார். கடைசி இடம் தருபவர் இரண்டாம் பக்கத்தில் எழுந்து போனவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் இரண்டு பேரும் வெவ்வேறு தட்டுகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வெளியான விதமும் அதற்கு உதவவில்லை. 1973 நவம்பரில் போர்ன்மவுத்தில் பயணம் தொடங்கியபோது ஆல்பம் கடைக்கு வரவில்லை. பெரும்பாலோர் ஒரு ஸ்வரம்கூடக் கேட்டிராத கூட்டத்துக்கு முன்னால் 80 நிமிடமும் முழுதாக வாசித்தார்கள். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் வேக்மன் மேடையிலேயே, கீபோர்டுகளுக்கு நடுவில், கறியும் அப்பளமும் வரவழைத்துச் சாப்பிட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. சாஸ்திரத்தை வைத்து எழுதிய இசைக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒரே நேரடிப் பங்களிப்பு விண்டாலூ கறியாகப் போனது. பிரிட்டனில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. 1974 மே மாதம் வேக்மன் விலகினார்.

கெட்டுப்போவதில் வகை

இப்போது அடிமட்டத்துக்கு வருவோம். 'யூனியன்' உடைந்தது எழுத்திலும் அல்ல, மிக்ஸிலும் அல்ல, ஒப்பந்தத்தில். 1989இல் ஆண்டர்சன், புரூஃபோர்ட், வேக்மன், ஹோவ் நால்வரும் தங்கள் பெயர்களையே பெயராக வைத்து ஒரு குழு நடத்தினார்கள். ஸ்குவைர், டிரெவர் ராபின், டோனி கே, வைட் ஆகியோர் கலிஃபோர்னியாவில் 'யெஸ்' என்ற பெயரோடு இருந்தார்கள். பாதி முடிந்த இரண்டு ஆல்பங்களை ஒரே உறையில் போட்டு, எட்டுப் பேரும் ஒரே குழு என்று அறிவித்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து வாசித்த பாட்டு அதில் ஒன்றுகூட இல்லை. தயாரிப்பாளர் ஜோனதன் இலையாஸ், ஹோவின் கிடார் வரவேண்டிய பல இடங்களில் ஜிம்மி ஹான் என்ற கலைஞரை வாசிக்க வைத்தார். வேக்மன் பகுதிகளுக்கும் வெளியாட்கள். வேக்மன் இந்த ஆல்பத்தை 'ஆனியன்' என்றுதான் சொல்வார், கேட்டால் கண்ணீர் வருவதால். இதில் கிராமி பரிந்துரை பெற்றது 'மாஸ்கரேட்', ஹோவ் தனியாக ஒரு கிடாரை வைத்து வாசித்தது. யாரும் கைவைக்காமல் விட்ட ஒன்று தேறியது.

'ஓப்பன் யுவர் ஐஸ்' வேறு வகை. ஸ்குவைரும் இசைக்கலைஞர் பில்லி ஷெர்வுட்டும் தங்களுக்கென்று வைத்திருந்த பாட்டுகள் பயணத்துக்கு முன் ஆல்பம் வேண்டும் என்ற அவசரத்தில் யெஸ் பாட்டுகளாக மாறின. அடுக்கடுக்கான குரல்கள் எல்லாப் பாட்டையும் ஒரே சுவையாக்கிவிட்டன. ஹோவ் பின்னால் வந்து தூவிய கிடார் மேலாகவே நிற்கிறது. கடைசிப் பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடத்துக்கும் மேல் அலைச் சத்தமும் குரல் துணுக்குகளும். அவ்வளவு இடம் இருக்கிறது என்று சிடி சொல்கிறது, அதனால் நிரப்பினார்கள். 'டேல்ஸ்' செய்த அதே தவறு, அதன் ஆசை இல்லாமல்.

'ஹெவன் அண்ட் எர்த்' என்றால் வேகம். அவ்வளவுதான். ராய் தாமஸ் பேக்கர் தயாரிப்பு, ஜான் டேவிசன் குரல், மெட்டுகளில் சில உண்மையிலேயே இனிமை. ஆனால் பாட்டுக்குப் பாட்டு நடக்கும் வேகத்திலேயே போகிறது, ஸ்குவைரின் பேஸ் முன்னால் வந்து இடிக்கவே இல்லை. ஒன்பது நிமிட 'சப்வே வால்ஸ்' மட்டும் கடைசியில் கொஞ்சம் கண் விழிக்கிறது. 2015 ஜூனில் ஸ்குவைர் இறந்தார். அவருடைய கடைசி யெஸ் ஸ்டூடியோ ஆல்பம் இது என்பதால் பலர் இதைக் கடைசி இடத்தில் வைக்கத் தயங்குகிறார்கள். தயக்கம் புரிகிறது, ஆனால் காதுக்கு இரங்கல் தெரியாது.

1978இன் 'டோர்மாட்டோ'வை அடியில் தள்ளுபவர்களும் உண்டு. அதன் நோய் நெரிசல். வேக்மனின் பாலிமூக், பைரோட்ரான் கீபோர்டுகளும், ஹோவின் கிடாரும், வடிகட்டி போட்டுக் குழைந்து பேசும் ஸ்குவைரின் பேஸும் ஒரே நடு அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. பஸ் வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவது போல. பாட்டுகளை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தைத்தான் ஜனங்கள் மதிப்பிடுகிறார்கள். 'ஆன் தி சைலன்ட் விங்ஸ் ஆஃப் ஃப்ரீடம்' இதைவிட நல்ல மிக்ஸில் வந்திருந்தால் மேல்பாதிக்குப் போயிருக்கும்.

மறுபக்கம், 1980இன் 'டிராமா'. ஆண்டர்சனும் வேக்மனும் இல்லாமல், 'பகில்ஸ்' இசைக்குழுவின் ஜோடி டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் சேர்ந்து செய்தது. அன்று துரோகம் என்றார்கள், இன்று பல பட்டியல்களில் முதல் ஆறுக்குள். ஆல்பம் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. மாறியது, ஆண்டர்சன் இல்லாத யெஸ் என்ற கோபம். வரிசையில் எவ்வளவு பங்கு கோபம் என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. '90125' பற்றி நீட்ட வேண்டாம்: அமெரிக்காவில் முதலிடம் போன ஒரே யெஸ் சிங்கிள் அதில் இருக்கிறது, வேறு இசைக்குழு என்று நினைத்துக் கேட்டால் அருமையான ஆல்பம். உண்மையில் 'சினிமா' என்ற வேறு இசைக்குழுவாகத்தான் அது தொடங்கியது.

எந்தத் தட்டைக் கேட்டுவிட்டுப் பேசுகிறீர்கள்

பட்டியல் போடும் முன் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரே பெயரில் குறைந்தது மூன்று 'டேல்ஸ்' இருக்கின்றன. 1973 எல்பி மிக்ஸ். 2003இல் ரைனோ நிறுவனத்தின் மறுவெளியீடு. இதில் முதல் பாட்டுக்கு முன்னால் வெட்டிப்போட்டிருந்த இரண்டு நிமிட மூடுபனி இசையைத் திரும்பச் சேர்த்ததால் 20:27 என்பது 22 நிமிடத்தைத் தாண்டியது. 2016இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பல தட டேப்பிலிருந்து செய்த ரீமிக்ஸ். ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு என்பதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது முடிந்த இரட்டைத் தடத்தைத் துடைப்பது. பின்னது ஒவ்வொரு கருவியையும் பிரித்தெடுத்துப் புதிதாகச் சேர்ப்பது. 'டேல்ஸ்' ரீமிக்ஸில் தாளத்துக்கும் மெலோட்ரானுக்கும் நடுவில் காற்றோட்டம் வந்திருக்கிறது. இரண்டாம் பக்கம் நீளம் குறையவில்லை, ஆனால் என்ன நடக்கிறது என்று புரிகிறது. 'ரிலேயர்' இன்னும் அதிகம் மாறியது. ஹோவின் டெலிகாஸ்டர் கிடார் பழைய மிக்ஸில் காதில் ஊசி குத்தும். 2014 ரீமிக்ஸில் அதற்குக் கீழே ஸ்குவைர் என்று ஒருவர் இருப்பது தெரிகிறது. 'ரிலேயர்' பிடிக்காது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தப் பதிப்பு என்றுதான். ஆனால் ரீமிக்ஸை மட்டுமே கேட்டு 1974 ஆல்பத்துக்கு மார்க் போடுவதும் நியாயமில்லை. மிக்ஸிங் நாளில் மட்டும் சேர்த்த ஒலி, எக்கோ, கைத்திருப்பங்கள் பல தட டேப்பில் இருப்பதில்லை. அவற்றைப் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும்.

ஒப்பிடுவதானால் இரண்டு பதிப்பையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. ஒரு டெசிபெல் கூடுதலாக இருந்தாலே காது அதை 'தெளிவு' என்று சொல்லிவிடும். போனில் ஒலி அளக்கும் செயலி போதும்: பாட்டின் உரத்த பகுதியில் ஒரு நிமிடம் வைத்து இரண்டையும் சமன் செய்யுங்கள். அடுத்து, 'டேல்ஸ்' கேட்டறியாதவர் 81 நிமிடத்தையும் ஒரே நாளில் போட வேண்டாம். முதல் நாள் முதல் பக்கம் மட்டும், இரண்டு முறை. மறுநாள் நான்காம் பக்கம். முதல் பக்கத்தில் கேட்ட சில துணுக்குகள் இங்கே எட்டிப்பார்ப்பது அப்போதுதான் பிடிபடும். மூன்றாவது நாள் 'தி ஏன்ஷியன்ட்', பொறுமை போனால் 12:30க்குத் தாண்டுங்கள், பாவமில்லை. 'தி ரிமெம்பரிங்' கடைசியில், வேறு ஏதாவது வேலை செய்துகொண்டே. அது அப்படிக் கேட்கத்தான் பொருத்தம், இதைக் குறையாகச் சொல்லவில்லை. சுவரோடு ஒட்டி வைத்த சின்ன ஸ்பீக்கரில் பேஸ் ஊதிவிடும். 'ரிச்சுவல்' கேட்கும்போது அதை ஒரு அடியாவது முன்னால் இழுங்கள்.

இப்படிக் கேட்ட பிறகும் உங்கள் வரிசை என் வரிசையாக இராது. என்னுடையதில் 'டேல்ஸ்' எட்டாவது. 'ரிலேயர்' இரண்டாவது, அது வேறு சண்டை.

மேடையில் போட்ட பட்டியல்

ரசிகர்கள் ஐம்பது ஆண்டாகப் போடும் இந்தப் பட்டியலை இசைக்குழு தன் பங்குக்கு மேடையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. எந்தப் பாட்டு பயணத்துக்குப் பயணம் தங்குகிறது, எது உதிர்கிறது என்று பார்த்தால் போதும். 'யூனியன்' பாட்டுகளை 1991 பயணத்துக்குப் பிறகு மேடையில் கேட்பது அபூர்வம். இந்தக் கணக்கில் ஓட்டை இல்லாமல் இல்லை: 'டிராமா' பாட்டுகளை ஆண்டர்சன் பாட மாட்டார் என்பதால் அவை 2008 வரை, புதுப் பாடகர் பெனுவா டேவிட் வரும்வரை, பெட்டியிலேயே கிடந்தன. மற்றபடி கணக்கு நேர்மையானது. வாசிப்பவனுக்குத் தன் பாட்டில் எது தொய்வு என்று விரலில் தெரியும்.

'டேல்ஸ்' உதிர்ந்த விதத்தைப் பாருங்கள். 1974 பயணத்தின் போக்கிலேயே 'தி ரிமெம்பரிங்' வெளியேறியது. வேக்மனுக்குப் பதிலாகப் பேட்ரிக் மொராஸ் வந்த பிறகும் 'ரிச்சுவல்' தங்கியது. 1976இல் டெட்ராய்ட்டில் வாசித்தது கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓடி, 'யெஸ்ஷோஸ்' ஆல்பத்தில் பக்கம் தாண்டி இரண்டாக வெட்டுப்பட்டது. 1996 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில், திரும்பி வந்திருந்த வேக்மனும் சேர்ந்து 'தி ரிவீலிங் சயின்ஸ் ஆஃப் காட்' முழுவதையும் வாசித்தார். கறி வரவழைக்கவில்லை. பிறகு 2016இல் அமெரிக்கப் பயணம். ரசிகர்கள் ஒரு காலத்தில் அடியில் வைத்த இரண்டு ஆல்பங்களைக் கொண்டே நிகழ்ச்சியைக் கட்டினார்கள்: 'டிராமா' முழுதாக, 'டேல்ஸ்' தேர்ந்தெடுத்து. அடுத்த ஆண்டு வந்த மேடைப் பதிவில் 'டேல்ஸ்' பகுதியாக இருப்பவை முதல் பக்கம், நான்காம் பக்கம், நடுவில் மூன்றாம் பக்கத்தின் அந்தக் கடைசி ஆறு நிமிடம். 1973 நீளத்தில் கூட்டினால் 48 நிமிடம் சொச்சம்.